ரூகர் 10/22ஐ அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு மாட்டியாச்சு: ஒரு நீளமான ரிவ்யூ

கடைசி வரைக்கும் படிக்க நேரமில்லாதவங்களுக்காக தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன். கம்மி செலவுல அம்பது யார்டுல அஞ்சு குண்டையும் ஒரே ஓட்டைல போடணும், அது மட்டும்தான் வேணும்னா ரூகர் 10/22ங்கற இந்த பாயிண்ட் 22 (0.22 இன்ச் குண்டு) செமி ஆட்டோ ரைஃபிள், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டா தானா ஏறிக்கற ரைஃபிள் பக்கமே போகாதீங்க, செக் நாட்டுக்காரன் பண்ற, ஒவ்வொரு தோட்டாவையும் கையால இழுத்து ஏத்தற சி.இசட். 457 போல்ட் ஆக்‌ஷன் ஒண்ணு வாங்கி பெட்டிலருந்து எடுத்து ஒரு ஸ்கோப்ப (குறி பாக்கற தொலைநோக்கி) மாட்டி சுடுங்க, சோலி முடிஞ்சுது. ஆனா ஞாயித்துக்கிழமை கராஜ்ல ஒக்காந்து ஸ்க்ரூவ கழட்டி மாட்டி, ஒவ்வொண்ணா மாத்தி, மாத்துனதுல என்ன வித்தியாசம் வந்துச்சுன்னு சுடற ரேஞ்சுக்கு போயி பேப்பர்ல பாக்கறதுல ஒரு கிறுக்கு இருக்கு பாருங்க, அந்தக் கிறுக்கு ஏற்கனவே உள்ளவங்களுக்கு இத விட்டா வேற துப்பாக்கியே கெடையாது. நான் ரெண்டாவது கோஷ்டி. கோயம்புத்தூர்ல கணபதி ஏரியா பக்கம் லேத் சத்தத்துக்கு நடுவுல வளந்தவன், கைக்கு வேலை இல்லன்னா தூக்கம் வராது.

நான் இருக்கறது டெக்சாஸ்ல. துப்பாக்கி பத்தி பேச்செடுத்தாலே இங்க இருக்கற நம்மாளுங்க கேக்கற முதல் கேள்வி "பாஸ் நம்ம வாங்கலாமா"ங்கறதுதான், அதனால அத முதல்ல முடிச்சிடலாம். ஹெச்1பி, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசால இருக்கறவங்க துப்பாக்கி மட்டுமில்ல ஒரு தோட்டா கைல வெச்சிருந்தா கூட ஃபெடரல் சட்டப்படி குத்தம், செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தாங்கற மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, ஆனா அதெல்லாம் வக்கீல கேட்டுட்டு செய்யற விஷயம், யூடியூப் பாத்து செய்யறதில்ல. க்ரீன் கார்டு இருந்தா வாங்கலாம், மாநிலச் சட்டம் தனி. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி ஆளுங்களுக்கு பத்து தோட்டாவுக்கு மேல புடிக்கற மேகசின் கெடையாது, ஆனா 10/22 கூட வர்றதே பத்துதாங்கறதால அதுல பிரச்சனை இல்ல. ஊர்லருந்து படிக்கறவங்களுக்கு: நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வெச்சிருக்க மட்டுமில்ல, செய்யறதுக்கும் மாத்தறதுக்கும் ரிப்பேர் பண்றதுக்கும் கூட தனி லைசென்ஸ் வேணும், அதனால இந்த கராஜ் விளையாட்டுக்கு அங்க வழியே இல்ல. சுடறதுல ஆசைன்னா ரைஃபிள் கிளப்ல சேருங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்குனாரே 50 மீட்டர் த்ரீ பொசிஷன்ல, அதுவும் இதே பாயிண்ட் 22 எல்.ஆர். தோட்டாதான்.

சரி விஷயத்துக்கு வருவோம். 10/22 சுடறது ரிம்ஃபயர் தோட்டா, அப்படின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பெரிய ரைஃபிள் தோட்டாவுல பின்னாடி நடுவுல ஒரு குட்டி ப்ரைமர் இருக்கும், ஊசி அங்க அடிக்கும். இதுல அப்படி தனியா ஒண்ணும் கெடையாது, தோட்டாவோட அடில சுத்திவர ஒரு விளிம்பு இருக்கு பாருங்க, அதுக்குள்ளயே பத்திக்கற மருந்த சுத்திவிட்டு ஒட்ட வெச்சிருப்பாங்க, ஊசி அந்த விளிம்ப நசுக்குனா வெடிக்கும். விளிம்பு நசுங்கிப்போறதால ஒருக்கா சுட்ட தோட்டாவ மறுபடி நிரப்ப முடியாது, தூக்கித்தான் போடணும். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் 1887ல வந்தது, இன்னிக்கும் உலகத்துல அதிகமா சுடப்படற தோட்டாக்கள்ல இதுவும் ஒண்ணு, காரணம் சிம்பிள், விலை கம்மி, சத்தம் கம்மி, தோள்ல இடி சுத்தமா இல்ல. பிரச்சனை என்னன்னா அந்த மருந்து விளிம்பு பூரா ஒரே சீரா பரவலன்னா ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்துல போகும், வேகம் மாறுனா பேப்பர்ல மேலயும் கீழயும் சிதறும். இத நெனப்புல வெச்சுக்கங்க, தோட்டா பத்தி பேசறப்ப மறுபடி வருவேன், ஏன்னா என்னோட மொத்த கருத்தே அங்கதான் இருக்கு.

ரூகர் கம்பெனி 1949ல கனெக்டிகட்ல சவுத்போர்ட்ல ஆரம்பிச்சது, 10/22 வந்தது 1964ல. பேரு ரொம்ப யோசிச்சு வெச்சதெல்லாம் இல்ல, பத்து தோட்டா, பாயிண்ட் 22, அவ்வளவுதான். அறுபது வருஷத்துல அம்பது லட்சத்துக்கும் மேல வித்திருக்கு. அதனாலதான் இதுக்கு வெளிய கெடைக்கற பார்ட்ஸ் இவ்வளவு, நம்ம ஊர்ல ஆர்எக்ஸ் 100க்கு எப்படி எந்த சந்துல போயி கேட்டாலும் ஏதாவது ஒரு சாமான் கெடைக்குமோ அந்த கதைதான் இங்க இதுக்கு. ரூகர் பாகம் ஒண்ணு கூட இல்லாம, எல்லாமே வெளி கம்பெனி சாமானா வாங்கி முழுசா ஒரு "10/22" கட்டிட முடியும், ப்ரௌனெல்ஸ் கம்பெனி பிஆர்என்-22ன்னு வெறும் ரிசீவரையே (மத்த பாகமெல்லாம் மாட்டற நடு உடம்பு) தனியா விக்கறான்.

இது ஏன் இவ்வளவு சுலபமா கழட்டி மாட்ட முடியுதுன்னு பாத்தா அந்தக் காலத்து டிசைனர்ங்க மேல மரியாதை வந்துடும். சாதாரணமா ரைஃபிள் பேரல் (குண்டு பாயற குழாய்) ரிசீவர்ல மரை போட்டு முறுக்கியிருக்கும், கழட்டணும்னா பேரல் வைஸ், ரெஞ்சு, கன்ஸ்மித்துன்னு ஊர்ப்பட்ட வேலை. இதுல பேரல் பின்முனை வழவழன்னு உருளையா இருக்கும், ரிசீவர் ஓட்டைக்குள்ள சொருகி, கீழ வி வடிவத்துல ஒரு கட்டை, ரெண்டு ஆலன் ஸ்க்ரூ, முறுக்கறப்ப அந்தக் கட்டை பேரல பின்னாடி இழுத்து ரிசீவரோட ஒட்ட வெச்சிடும். அவ்வளவுதான் சாமி, ஒரு ஆலன் கீ போதும். டிரிகர் செட்டு முழுசும் ரெண்டே ரெண்டு பின்னுல தொங்குது, கை விரலால தள்ளுனா வெளிய வரும் (சில சமயம் கூப்டாமயே வரும், கழட்டறப்ப கீழ ஒரு துண்டு விரிச்சுக்கங்க, கராஜ் தரைல அந்த பின்ன தேடறது நரகம்). ரிசீவர ஸ்டாக்கோட (தோள்ல வெச்சு புடிக்கற கட்டை) புடிச்சிருக்கறது ஒரே ஒரு ஸ்க்ரூ. மேகசின் இன்னொரு அதிசயம், விளிம்பு வெச்ச தோட்டாவ நேரா அடுக்குனா ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணுல மாட்டிக்கும், அதனால உள்ள ஒரு சக்கரம் வெச்சு ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனி பள்ளம் கொடுத்திருக்காங்க, மாட்டுனா ஸ்டாக்கோட மட்டமா நின்னுக்கும் வெளிய துருத்தாது. இத்தனை வருஷத்துக்கப்புறமும் அந்த மேகசின விட நல்லதா ஒண்ண யாரும் பண்ணலங்கறது என் எண்ணம். வெளி கம்பெனி இருபத்தஞ்சு, முப்பது புடிக்கற மேகசின் சிலது பாத்தேன், வாங்கி வருத்தப்படாதீங்க, பத்தே போதும்.

வாங்குன புதுசுல எப்படி இருக்கும்? நான் எடுத்தது சாதா கார்பைன் (குட்டை ரைஃபிள்), பதினெட்டரை இன்ச் பேரல், எடை அஞ்சு பவுண்டு சுமார், கடைல 300 டாலர் பக்கம் ஆகும், ஏரியாவுக்கு ஏரியா கூடக்குறைய இருக்கும். விலைக்கு குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, சோடா டின்ன சுட, பசங்களுக்கு கத்துக்குடுக்க, தோட்டத்துல முயல் தொந்தரவுக்குன்னா அப்படியே வெச்சுக்கலாம். துல்லியம்னு பாத்தா சாதா டப்பா தோட்டா போட்டு அம்பது யார்டுல ஒண்ணரை ரெண்டு இன்ச்சுக்குள்ள சிதறும், இது எனக்கு மட்டும் இல்ல, ரேஞ்சுல பக்கத்துல சுடற யார கேட்டாலும் அதே பதில்தான். இந்த இடத்துலதான் கிறுக்கு ஆரம்பிக்குது. ரெண்டு இன்ச்ச அரை இன்ச் ஆக்கணும்.

எல்லாரும் முதல்ல ஓடறது பேரலுக்குதான், பாக்க கனமா பளபளன்னு ஃப்ளூட் (எடை கொறைய வெட்டுன நீளப் பள்ளம்) போட்டு கெத்தா இருக்கும்ல. நான் சொல்றேன், முதல்ல டிரிகர். கம்பெனி டிரிகர் இழுக்க அஞ்சாறு பவுண்டு வேணும், துப்பாக்கி எடையே அஞ்சு பவுண்டுதான், யோசிச்சு பாருங்க. குறி சரியா இருந்தாலும் இழுக்கற வேகத்துல மொத்தமும் ஆடிடும். ரூகரே பிஎக்ஸ் டிரிகர்னு ஒண்ணு விக்கறான், முழு செட்டா வரும், பழசோட ரெண்டு பின்ன தள்ளிட்டு இத சொருக வேண்டியதுதான், மூணு பவுண்டுக்குள்ள வந்துடும். விலை நூறு டாலருக்குள்ள. மாட்டிட்டு முதல்ல காலி சேம்பர்ல (பேரல் பின்னாடி தோட்டா ஒக்கார்ற அறை) இழுத்து பாத்தேன், முன்ன இருந்த அந்த மணல் மேல இழுக்கற மாதிரியான கரகரப்பு போயி, கொஞ்சூண்டு நகந்து ஒரு சுவர்ல முட்டி நிக்குது, அந்த சுவர்ல விரல வெச்சுக்கிட்டு மூச்ச விட்டுட்டு இன்னும் ஒரு துளி அழுத்துனா "டக்". அவ்வளவுதான், குறில இருக்கற கோடு அசையல. அதே பேரல், அதே ஸ்டாக், அதே தோட்டா, பேப்பர்ல குரூப் (குண்டு விழுந்த ஓட்டைங்களோட பரப்பு) கண்ணுக்கு தெரியற அளவு சுருங்குச்சு. துப்பாக்கி துல்லியம் கூடல, ஆளு ஆட்டம் கொறஞ்சுது, ரெண்டுக்கும் பேப்பருக்கு வித்தியாசம் தெரியாது.

இதுக்கு மேல போகணும்னா கிட் (KIDD), டிம்னி, வோல்குவார்ட்சன்னு பெரிய கம்பெனி பேருங்க இருக்கு. டிம்னி அரிசோனா, வோல்குவார்ட்சன் அயோவால கேரல்னு ஒரு சின்ன ஊர்க்காரன், 1974லருந்து இதே பொழப்பு. ரேஞ்சுல ஒரு பெரியவரு, வியட்நாம் போயிட்டு வந்தவரு, தன்னோட கிட் டூ-ஸ்டேஜ் டிரிகர இழுத்து பாக்க குடுத்தாரு. விரல் பட்டதுமே புரிஞ்சுது ஏன் அந்த விலைன்னு, கண்ணாடி உடையற மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்களே அதுதான். ஆனா அந்த டிரிகர் விலைல இன்னொரு 10/22 வாங்கிடலாம். போட்டிக்கு போறவங்களுக்கு சரி, எனக்கு பிஎக்ஸ் போதும்னு முடிவு பண்ணிட்டேன், பெரியவரு சிரிச்சுக்கிட்டே "வருவே வருவே"ன்னாரு.

ஸ்டாக். கம்பெனி ஸ்டாக் உயரம் கம்மி, இரும்பு குறிக்கு சரியா இருக்கும், ஸ்கோப் போட்டா கன்னம் எங்கயும் ஒக்காராது, அந்தரத்துல தலைய தூக்கிக்கிட்டு பாக்கணும், கொஞ்ச நேரத்துல கழுத்து புடிச்சுக்கும். மேக்புல் ஹன்டர் எக்ஸ்-22 எடுத்தேன், பிளாஸ்டிக்தான் ஆனா கெட்டி. பின்னாடி ஸ்பேசர் சேத்து எடுத்து நீளத்த நம்ம கைக்கு மாத்திக்கலாம், ஆறடி அமெரிக்கனுக்கு அளவெடுத்ததெல்லாம் நம்ம உசரத்துக்கு கை எட்டாம தவிக்கற தொல்லை இதுல இல்ல. கன்னம் ஒக்கார்ற இடத்துக்கு உயரம் கூட்டற பீஸ் தனியா விக்கறான், அதுக்கு தனி காசு, அது கொஞ்சம் எரிச்சல். இதுல எனக்கு ரொம்ப புடிச்சது பேரல் ஒக்கார்ற தட்டு, அத கழட்டி திருப்பி போட்டா சாதா ஒல்லி பேரலுக்கும் ஒக்காரும், 0.920 இன்ச் குண்டு (தடிச்ச) பேரலுக்கும் ஒக்காரும். இது ஏன் முக்கியம்னா, கம்பெனி ஸ்டாக்ல குண்டு பேரல் உள்ளயே போகாது, பேரல் வாங்குனா ஸ்டாக்கும் வாங்கித்தான் ஆகணும், பேரல் விலைய மட்டும் பாத்து பட்ஜெட் போடறவங்க மாட்டிக்கறது இங்கதான்.

இப்ப பேரல். க்ரீன் மௌன்டன், கிட், வோல்குவார்ட்சன்னு வரிசையா இருக்கு, 150 டாலர்லருந்து 400க்கு மேல வரைக்கும். எல்லாம் ஒண்ணா இருக்கே எதுக்கு இவ்வளவு விலை வித்தியாசம்னா, உள்ள இருக்கற சேம்பர்தான். கம்பெனி பேரல் சேம்பர் தாராளமா இருக்கும், ஏன்னா எந்த மட்டமான தோட்டா போட்டாலும், அழுக்கா இருந்தாலும் ஓடணும். போட்டிக்குன்னு பண்ற மேட்ச் சேம்பர் இறுக்கமா இருக்கும், குண்டோட மூக்க ரைஃப்ளிங் (பேரலுக்குள்ள குண்ட சுழல வெக்கற சுருள் பள்ளம்) வரைக்கும் கொண்டுபோயி நேரா நிறுத்தும், துல்லியம் அதுலருந்துதான் வருது. அதே இறுக்கம்தான் தொல்லையும். சிசிஐ ஸ்டிங்கர்னு ஒரு வேகமான தோட்டா இருக்கு, அதோட பித்தளை கூடு சாதா எல்.ஆர்.ஐ விட நீளம், அத மேட்ச் சேம்பர்ல போடவே கூடாதுன்னு பேரல் கம்பெனிங்களே எழுதி குடுக்கறாங்க. நடுவாந்தரமா பென்ட்ஸ் சேம்பர்னு ஒண்ணு உண்டு, செமி ஆட்டோவுக்குன்னே பண்ணது, துல்லியமும் இருக்கும் மாட்டிக்கவும் செய்யாது, முதல் தடவை கட்டறவங்க கண்ண மூடிக்கிட்டு அத எடுங்க.

பேரல் விஷயத்துல ஒரு கசப்பும் உண்டு. ஒரு ஆன்லைன் கடை, பேரு வேண்டாம், ஆஃபர்ல போட்டிருந்தான்னு ஆர்டர் பண்ணேன். வந்தது ரிசீவருக்குள்ள பாதிதான் போச்சு, பின்முனை அளவு பெருசு. மைக்ரோமீட்டர் வெச்சு அளந்து ஃபோட்டோ எடுத்து அனுப்புனேன், அவன் "கொஞ்சம் தட்டி பாருங்க"ன்னு பதில் போடறான். அலுமினிய ரிசீவர்ல ஸ்டீல் பேரல தட்டி ஏத்தறதாம். லேத் பட்டறைல இத சொல்லியிருந்தா மேஸ்திரி செருப்ப கழட்டியிருப்பாரு. கடைசில திருப்பி எடுத்துக்கிட்டான், ஆனா ரீஸ்டாக்கிங்னு ஒரு தொகைய புடிச்சுக்கிட்டான், அனுப்புன செலவும் என் தலைல. அதுலருந்து பேரல் மட்டும் ரிட்டர்ன் பாலிசிய வரி வரியா படிச்சுட்டுதான் வாங்கறது. அப்பறம் வாங்குன க்ரீன் மௌன்டன் பேரல் எண்ணெய் தடவி கையால தள்ளுனதும் ஒரு மெல்லிசான எதிர்ப்போட உள்ள போயி ஒக்காந்துச்சு பாருங்க, ஃபிட்டுன்னா அது. ஸ்க்ரூவ ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சங்கொஞ்சமா முறுக்கணும், ஒரே பக்கமா இறுக்குனா பேரல் கோணிக்கும், முறுக்கறதுக்கு டார்க் ரெஞ்சு இருந்தா நல்லது, கண்ணுமண்ணு தெரியாம இறுக்கி அலுமினிய மரைய தின்னுட்டா ரிசீவரே போச்சு.

இந்த டிசைனோட பெரிய ஓட்டையும் இங்கதான் இருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. குண்டு பேரல் நாலு பவுண்டுக்கு பக்கமா தொங்குது, அத புடிச்சிருக்கறது மெத்து மெத்துன்னு ஒரு அலுமினிய ரிசீவரும் வி கட்டையும். நாளாவட்டத்துல மூக்கு கீழ சாய பாக்கும், ட்ரூப்னு சொல்லுவாங்க, ஸ்கோப்ல எல்லாத்தையும் மேல ஏத்தியும் குறி வராம நிக்கறவங்கள ரேஞ்சுல பாத்திருக்கேன். அதனாலதான் வெளி கம்பெனிங்க சிலது பின்னாடியும் ஒரு ஸ்க்ரூ வெச்ச ரிசீவர் பண்றாங்க. நான் ரொம்ப கனமான பேரலுக்கு போகல, எடை கம்மி பண்ண ஃப்ளூட் போட்டதே போதும்னு நின்னுட்டேன்.

சட்டத்துல ரெண்டு விஷயம் கட்டறவங்களுக்கு அவசியம் தெரிஞ்சிருக்கணும். இந்த துப்பாக்கில சட்டப்படி "துப்பாக்கி"ங்கறது ரிசீவர் மட்டும்தான், சீரியல் நம்பர் அதுலதான், அத லைசென்ஸ் உள்ள டீலர்கிட்ட 4473 ஃபார்ம் எழுதி பேக்ரவுண்ட் செக் முடிஞ்சு வாங்கணும். பேரல், ஸ்டாக், டிரிகர் எல்லாம் பெரும்பாலான மாநிலத்துல வீட்டுக்கே தபால்ல வந்துடும். ரெண்டாவது, ரைஃபிள் பேரல் பதினாறு இன்ச்சுக்கு கொறையக்கூடாது, மொத்த நீளம் இருபத்தாறு இன்ச்சுக்கு கொறையக்கூடாது, அதுக்கு கீழ போனா ஃபெடரல் லெவல்ல வேற கதை, வெளையாடாதீங்க.

சில்லறை சாமான்ல ரெண்டே ரெண்டு வாங்குங்க. போல்ட் (முன்ன பின்ன ஓடி தோட்டாவ சேம்பர்ல ஏத்தற இரும்புக் கட்டை) பின்னாடி வந்து முட்டற எடத்துல ஒரு ஸ்டீல் பின் இருக்கு, ஒவ்வொரு தடவையும் "டங்"னு ஒரு சத்தம், அதுக்கு பதிலா பாலிமர் பின் பத்து டாலருக்குள்ள கெடைக்கும், சத்தம் அமுங்கி சொகமா இருக்கும். இன்னொண்ணு ஆட்டோ போல்ட் ரிலீஸ். பழைய டிசைன்ல திறந்து நிக்கற போல்ட்ட மூட ஒரு குட்டி இரும்ப அமுக்கிக்கிட்டே போல்ட்ட இழுக்கணும், மூணாவது கை இருந்தா வசதி. இத மாட்டுனா போல்ட்ட பின்னாடி இழுத்து விட்டா போதும். பிஎக்ஸ் டிரிகர் செட்டுக்கும் இது தனியாதான் பாக்கணும். கலர் கலரா மேகசின் ரிலீஸ், சார்ஜிங் ஹேண்டில்னு விக்கறதெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் பல்பு, அழகுக்கு வாங்கறதுன்னா தாராளமா வாங்குங்க, பேப்பர்ல ஒண்ணும் மாறாது.

சுத்தம் பண்றது ஒரு தலைவலி. ரொம்ப வருஷமா வந்த ரிசீவர்ல பின்னாடி ஓட்டை கெடையாது, அதனால ராடு பின்பக்கமா விட முடியாது, முன்னாடி வாய் வழியா விட்டா க்ரௌன் (பேரல் வாயோட விளிம்பு) தேயும், க்ரௌன் போச்சுன்னா பேரலே போச்சு. சிலபேரு ரிசீவர்ல ஓட்டை போட்டுக்கறாங்க. நான் இழுக்கற கயிறு மாதிரி புல்-த்ரூதான் வெச்சிருக்கேன், வேலைக்கு ஆகுது. பாயிண்ட் 22 பேரல ஓவரா தேய்க்கவும் வேண்டாம், சுத்தம் பண்ண உடனே சுட்டா முதல் கொஞ்சம் குண்டு அங்கயும் இங்கயும் போகும், உள்ள மெழுகு படிஞ்சாதான் அடங்கும்.

மெழுகுன்னதும் தோட்டாவுக்கு வந்துட்டோம். இத்தனை காசு போட்டு டிரிகர், பேரல், ஸ்டாக்னு மாத்திட்டு, கடைல இருக்கறதுலயே சீப்பா ஐநூறு தோட்டா டப்பாவ வாங்கி போட்டு "என்னய்யா இது முன்ன மாதிரியே சிதறுது"ன்னு திட்டறவங்கதான் இங்க பாதி பேரு. பேரல் மேட்ச் பேரல், தோட்டா மட்டம், எப்படி வரும்? ஒலி வேகம் நொடிக்கு 1125 அடி பக்கம். ஹை வெலாசிட்டி தோட்டா அதுக்கு மேல கெளம்பி, போற வழில ஒலி வேகத்துக்கு கீழ எறங்கும், அந்த மாறற எடத்துல குண்டு தடுமாறும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1070 மாதிரி கெளம்புறதால அந்த தொல்லையே இல்ல. சிசிஐ ஸ்டாண்டர்ட் வாங்குனாலே டப்பா தோட்டாவுக்கும் அதுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் தெரிஞ்சிடும், விலையும் கட்டுபடியாகும். அதுக்கு மேல எஸ்.கே., லப்புவா, எலி. எலிங்கறது இங்கிலாந்துல பர்மிங்காம்காரன், நம்ம வீட்டு எலி இல்ல, ஆனா பர்ஸ கடிக்கறதுல ரெண்டும் ஒண்ணுதான்.

இந்த நல்ல தோட்டாங்க மேல ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும், டெக்சாஸ் வெயில்ல மேகசின் நிரப்புறப்ப விரல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும், பாக்கெட்ல போட்டீங்கன்னா துணி நூல் பூரா ஒட்டிக்கிட்டு வரும், டப்பாவுலயே நெழல்ல வைங்க. அப்பறம் ஒரே பிராண்ட்லயே லாட்டுக்கு லாட்டு (ஒரே தடவைல சேத்து தயாரிச்ச தொகுதி) மாறும், ஒரு பேரலுக்கு தேன் மாதிரி இருக்கற லாட்டு இன்னொரு பேரலுக்கு ஆகாது. பெரிய போட்டிக்காரங்க துப்பாக்கிய தூக்கிக்கிட்டு அரிசோனா மெசால இருக்கற லப்புவா டெஸ்ட் சென்டருக்கு போயி, மெஷின்ல கட்டி வெச்சு ஒவ்வொரு லாட்டா சுட்டு பாத்து, சேந்ததுல பெட்டி பெட்டியா வாங்கிக்கிட்டு வருவாங்க. நமக்கு அதெல்லாம் வேண்டாம், நாலஞ்சு பிராண்டுல ஒவ்வொரு பெட்டி வாங்கி காத்து இல்லாத காலைல ஒக்காந்து சுட்டு பாருங்க, பேரலே சொல்லிடும் எது வேணும்னு. என் பேரலுக்கு எஸ்.கே. ஸ்டாண்டர்ட் ப்ளஸ் ஒத்துக்கிச்சு, விலை ஜாஸ்தியான இன்னொண்ணு அத விட மோசமா போச்சு. இப்ப அம்பது யார்டுல நல்ல நாள்ல அரை இன்ச்ச ஒட்டி விழுது, என் கை சரியில்லாத நாள்ல முக்கால். முதல்ல இந்த தோட்டாவ அந்தப் பழைய கம்பெனி பேரல்லயே பிஎக்ஸ் டிரிகரோட போட்டு பாத்தப்பவே பாதிக்கு மேல சுருங்கிடுச்சு, புது பேரல் குடுத்தது மிச்சம் கொஞ்சம்தான். ஆனா செலவுல பெரிய பங்கு அந்த பேரலும் ஸ்டாக்கும்.

அதனால வரிசை இப்படி வெச்சுக்கங்க: தோட்டா, டிரிகர், ஸ்கோப், ஸ்டாக், எல்லாத்துக்கும் கடைசில பேரல். ஸ்கோப் வாங்கறப்ப ரிம்ஃபயருக்குன்னு இருக்கறத எடுங்க, பெரிய ரைஃபிள் ஸ்கோப்ல பாரலாக்ஸ் நூறு யார்டுக்கு செட் பண்ணியிருப்பான், அம்பதுல பாக்கறப்ப கண்ண கொஞ்சம் நகத்துனாலே குறி நகரும். சைடுல பாரலாக்ஸ் திருப்பற வசதி இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அம்பதுக்கு ஜீரோ பண்ணா (குறியும் குண்டும் ஒரே எடத்துல விழற மாதிரி ஸ்கோப்ப செட் பண்ணா) நூறு யார்டுல குண்டு ஆறேழு இன்ச் கீழ விழும், நூறு வரைக்கும் வெளையாட ஆசை வரத்தான் செய்யும்.

கூட்டி கழிச்சு பாத்தா துப்பாக்கி, டிரிகர், ஸ்டாக், பேரல், சில்லறைன்னு எழுநூறு எண்ணூறு டாலர் ஆயிடுது, ஸ்கோப் தனி. அந்த காசுக்கு சி.இசட். 457 வாங்கி மிச்சத்துக்கு தோட்டா வாங்கலாம், துல்லியத்துல அதுதான் ஜெயிக்கும், பக்கத்து லேன்ல ஒருத்தர் வெச்சிருந்தத சுட்டு பாத்துட்டுதான் சொல்றேன். அதுலயும் பேரல் ரெண்டு ஸ்க்ரூல கழட்டி மாத்தற மாதிரிதான் பண்ணியிருக்கான், ஆனா மாத்த வேண்டிய அவசியமே வர்றதில்ல, அதான் எனக்கு போர் அடிக்குது.

வீட்ல குழந்தைங்க இருக்கறவங்க முதல் பார்ட் வாங்கறதுக்கு முன்ன பூட்டு உள்ள சேஃப் வாங்குங்க, தோட்டா வேற எடத்துல வேற பூட்டுல. கராஜ்ல கழட்டறதுக்கு முன்ன மேகசின எடுத்து, போல்ட்ட இழுத்து, சேம்பருக்குள்ள விரல விட்டு பாருங்க, கண்ணால பாத்தது பத்தாது. ரேஞ்சுலருந்து வந்ததும் சாப்புடறதுக்கு முன்ன கைய நல்லா சோப்பு போட்டு கழுவுங்க, எல்லாம் ஈயம்.

புதுசா கத்துக்கறவங்க ஆப்பிள்சீட்னு வார இறுதி கிளாஸ் நடத்தறாங்க பாருங்க, அங்க ஒருக்கா போயிட்டு வாங்க, இருபத்தஞ்சு மீட்டர்லதான் பயிற்சி, வர்றவங்கள்ல நெறைய பேரு கைல 10/22தான். ஸ்டாக் மாத்தாத சாதா துப்பாக்கியோட போனாலே போதும், ஒரு ஸ்லிங் (துப்பாக்கில மாட்டற வார்) மட்டும் வாங்கிக்கங்க. பேரல்ல போடலாம்னு வெச்சிருக்கற காசுல பாதிய அங்க போட்டா குரூப் இன்னும் சுருங்கும்.

டேக்டவுன் மாடல் வாங்கலாமான்னு சிலபேரு கேக்கறீங்க, 2012ல வந்தது, முன்பாதி பின்பாதின்னு ரெண்டா பிரிச்சு பையில போட்டுக்கலாம். கேம்பிங்குக்கு அருமை. ஆனா அதோட பேரல் மாட்டற விதமே வேற, சாதா பேரல் அதுல சேராது, அதுக்குன்னு உள்ள பேரல்தான் வாங்கணும், சாய்ஸும் கம்மி. கட்டி வெளையாடத்தான் வாங்கறீங்கன்னா சாதா கார்பைனே எடுங்க, இருக்கறதுலயே சீப்பான மாடலா பாத்து. எப்படியும் அதுல ரிசீவர் தவிர ஒண்ணும் மிஞ்சப்போறதில்ல.